பொட்டு வைத்த டேப்

போன மாதம் மதுரை அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் போன் செய்தார். புதிதாகச் சேர்ந்தவர். டேப் வேலையெல்லாம் ஓய்ந்துவிட்டது, பழைய சர்வீஸ் ரிப்போர்ட் படிவத்தை மாற்றி அமைக்கிறோம், தேனி வட்டாரத்துப் படிவத்தில் மட்டும் பதினோராவது வரியாக ‘இந்த இயந்திரத்தைக் கடைசியாகத் தொட்டவர் யார்?’ என்று ஒரு கேள்வி இருக்கிறது, வேறு எந்த ஊர்ப் படிவத்திலும் இல்லை, அது எதற்கு, எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

எடுத்துவிடுங்கள் என்றேன். நன்றி சார் என்று வைத்துவிட்டார். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவன் நான்தான். எதற்காகச் சேர்த்தேன் என்று இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. இனி யாரும் என்னை வேலையை விட்டு எடுக்க முடியாது. அதனால் இப்போது சொல்கிறேன். என்னிடம் இருக்கிற தைரியம் அவ்வளவுதான்.

என் பெயர் தங்கராசு. கம்ப்யூட்டர் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில், ஆண்டிபட்டியிலிருந்து கூடலூர் வரைக்கும் ஒரே சர்வீஸ் ஆளாகப் பல வருடம் ஓடினேன். பாலிடெக்னிக் படித்தேன், சென்னையில் மூன்று மாதம் பயிற்சி எடுத்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடுதியில் சாம்பார் தண்ணீராக இருக்கும். பிறகு ஒரு பையும் ஒரு மோட்டார் சைக்கிளும் கொடுத்துத் தேனிக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிந்திய வருடங்களில் என் பிழைப்பில் பாதி ஆட்டோலோடர்தான். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சர்வரில் இருக்கிற விவரங்களைத் தினமும் நகல், அதாவது பேக்கப், எடுத்து டேப்பில் வைப்பார்கள். டேப் என்பது உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே நாடா சுருட்டியிருக்கும். அப்படி எட்டு டேப்பை அடுக்கி வைத்துக்கொண்டு, அன்றைக்கு வேண்டியதை உருவி எடுத்து, எழுதிப் படிக்கிற டிரைவின் வாய்க்குள் தள்ளி, முடிந்ததும் திரும்ப அதன் இடத்தில் வைக்கிற இயந்திரம்தான் ஆட்டோலோடர். உள்ளே ஒரு சின்னக் கை இருக்கிறது. அந்தக் கைக்கு எந்த டேப் எது என்று தானாகத் தெரியாது. ஒவ்வொரு டேப்பின் முகப்பிலும் ஒரு பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துத்தான் இது திங்கள்கிழமை டேப், இது புதன்கிழமை டேப், இதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்ளும்.

எனக்கு மேலதிகாரி மதுரையில் இருந்த சேவியர் சார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. இயந்திரம் கெட்டுப்போன இடத்துக்கு வந்தால் முதலில் ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்குவார். அதன் முன்னால் உட்கார்ந்து பத்து நிமிடம் சும்மா பார்ப்பார். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் முறைப்பார்.

“கைய பின்னால கட்டுய்யா. மொதல்ல நோட்ட எடு. பாத்தத எழுது, நெனச்சத எழுதாத.”

திரையில் தெரிகிற எண், எரிகிற விளக்கின் நிறம், எந்த இடத்தில் எந்த டேப், கை எங்கே நிற்கிறது எல்லாம் எழுதின பிறகுதான் தொட விடுவார். இரண்டாவது சட்டம் பூட்டு. டேப்பின் ஓரத்தில் நகம் அளவுக்குச் சிவப்பாக ஒரு தாழ் இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் அந்த டேப்பைப் படிக்கலாம், மேலே எழுத முடியாது. “டேப்பு கைக்கு வந்துச்சுன்னா பூட்டுறதுதான் மொத வேலை. பொண்டாட்டி போன் பண்ணுனாக்கூட பூட்டிட்டுத்தான் எடுக்கணும்” என்பார்.

மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்பார். “கடைசியா இத யாரு தொட்டது?” இதை வாயால்தான் கேட்பார், படிவத்தில் கிடையாது. எல்லா ஊரிலும் ஒரே பதில்தான் வரும்: “யாருமே தொடலயே சார்.” அவர் ஒன்றும் பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில், திங்கள்கிழமைதோறும் ஆட்டோலோடரின் கை நடுவழியில் நின்றுவிடும். நான் மூன்று தடவை பாகம் மாற்றினேன். சேவியர் சார் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அரை மணி கழித்துப் பெருக்குகிற அம்மா வந்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்டோலோடர் இருக்கிற ரேக்கை நகர்த்திப் பெருக்குவதாகவும், திரும்பத் தள்ளும்போது ஒரு கால் பலகைக் கட்டை மேல் ஏறிக்கொள்வதாகவும் சொன்னார். ரேக் சாய்ந்தால் கை சிக்கும். அவ்வளவுதான் கோளாறு. சேவியர் சார் எழுந்து நின்று அந்த அம்மாவுக்கு நன்றி சொன்னார். நான் மாற்றிப்போட்ட மூன்று பாகங்களைப் பற்றி மதுரை போய்ச் சேரும் வரைக்கும் என்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார்.

இப்போது அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். தேனிக்கு வெளியே இருந்த ஒரு தனியார் புற்றுநோய் ஆஸ்பத்திரி; பெயர் வேண்டாம். கதிர்வீச்சு சிகிச்சை கொடுப்பார்கள். எந்த நோயாளிக்கு உடம்பில் எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்ற கணக்கெல்லாம் சர்வரில் இருக்கும். சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆனவர்களின் கணக்கை ஆர்க்கைவ் டேப்பில் ஏற்றிவிட்டு, இடம் போதாததால் சர்வரிலிருந்து அழித்துவிடுவார்கள். ஆர்க்கைவ் டேப்புகள் அலமாரியில் தனித்தனிப் பெட்டியில் இருக்கும். தினசரி டேப்புகள் ஆட்டோலோடரில் இருக்கும். இரண்டையும் பார்த்துக்கொண்டவள் முருகேஸ்வரி. மயிலாடும்பாறைப் பெண், காண்ட்ராக்ட் வேலை. இரண்டு பஸ் மாறி வருவாள். கை கழுவாமல் டேப்பைத் தொட மாட்டாள். ஒவ்வொரு டேப்புக்கும் நோட்டில் ஒரு பக்கம் வைத்திருந்தாள். என் வட்டாரத்தில் அவளைப் போல டேப்பைப் பார்த்துக்கொண்ட ஆள் வேறு இல்லை.

ஓர் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், வழக்கமான பராமரிப்புக்காகப் போனேன். ஒட்டடை அடித்து, மாவிலை கட்டி, கீபோர்டு, மௌஸ், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் விடுமுறை என்பதால் பூஜையை அன்றைக்கே முடிக்கிறார்கள். எனக்கு எதையாவது சொல்லி வம்பிழுக்காவிட்டால் பொழுது போகாது.

“மௌஸுக்கெல்லாம் பொட்டு வச்சிருக்க. எல்லார் உசுரயும் வச்சிருக்கிறது இந்த டேப்புதானம்மா. அதுக்கு வைக்க மாட்டியா?”

அவள் சிரித்தாள். “வைக்கலாமா சார்? ஒண்ணும் ஆகிறாதுல்ல?”

“சாமி காரியத்துல என்னம்மா ஆகப் போகுது? நல்லா பெருசா வை.”

பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். பராமரிப்புப் படிவத்தில் ‘ஆர்க்கைவ் டேப்புகள் பூட்டப்பட்டுள்ளனவா?’ என்று ஒரு வரி உண்டு. அதற்கு அலமாரியைத் திறந்து ஒவ்வொரு டேப்பாக எடுத்துப் பார்க்க வேண்டும். அலமாரிக்கு முன்னால் வாழைப்பழத் தட்டு இருந்தது. திறக்காமலே ‘ஆம்’ என்று டிக் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

விடுமுறை முடிந்து முருகேஸ்வரி போன் செய்தாள். ஆட்டோலோடர் ஒரு டேப்பைக்கூட அடையாளம் தெரியவில்லை என்கிறதாம். போய்ப் பார்த்தேன். அவள் அலமாரியிலிருந்த டேப்புகளையும் ஆட்டோலோடரிலிருந்த டேப்புகளையும் வெளியே எடுத்து, மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துச் சூடம் காட்டிவிட்டு, திரும்ப எடுத்து வைத்திருக்கிறாள். பொட்டு என்றால் நெற்றியில்தானே வைப்பார்கள்? டேப்புக்கு நெற்றி என்று பார்த்தால் முகப்பு. முகப்பில்தான் பார்கோடு. எல்லா ஸ்டிக்கரிலும் நட்டநடுவே சந்தனம் காய்ந்து, அதற்கு மேல் குங்குமம் வட்டமாக இருந்தது. இருந்த இடத்திலேயே ஒன்றை மட்டும் ஈரத் துணியால் துடைத்தேன். சந்தனத்தோடு அச்சும் கையோடு வந்துவிட்டது.

புது ஸ்டிக்கர் மதுரையிலிருந்து வர நான்கு நாள் ஆகும். எனக்குக் கம்பத்தில் இன்னொரு அழைப்பு காத்திருந்தது. அப்போது நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். சர்வரில் போய், பார்கோடு பார்க்க வேண்டாம், எந்த இடத்துக்கு எந்த நாளோ அந்த வரிசைப்படி இருக்கிற டேப்பில் எழுது என்று மாற்றிவைத்தேன். ஒரு டேப்பைக்கூட வெளியே எடுத்து எது என்று பார்க்கவில்லை. சிவப்புத் தாழைத் தொடவில்லை. ரிப்போர்ட்டில் ‘பார்கோடு சரிபார்ப்பு நிறுத்தப்பட்டது. இயந்திரம் நன்றாக இயங்குகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புது ஸ்டிக்கர் வந்தது. ஓடுகிற இயந்திரத்தில் எதற்குக் கை வைப்பானேன் என்று அது என் பைக்குள்ளேயே கிடந்தது.

அடுத்த ஆடி மாதம் மறுபடி அழைப்பு வந்தது. ஆட்டோலோடரில் டேப் சிக்கிவிட்டது, அவசரம் என்றார்கள். சர்வர் அறைக்கு வெளியே, நடையில் போட்டிருந்த நாற்காலியில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார். மடியில் துணிப் பை. பாண்டியம்மாள், கூடலூர்க்காரர். விடியற்காலையில் ஜீப்பில் ஏறிக் குமுளி தாண்டிப் போய் ஏலத்தோட்டத்தில் பழம் எடுக்கிறவர். ஆறு வருடத்துக்கு முன்னால் இங்கேதான் தொண்டைக்குக் கதிர்வீச்சு எடுத்துப் பிழைத்தவர்.

கதிர்வீச்சு டாக்டர் அம்மா என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார். “கட்டி திரும்ப வந்திருக்கு. ஆபரேஷன் பண்ற எடமில்ல. மறுபடி கதிர் குடுத்தா ஒரு வாய்ப்பு இருக்கு. ஆனா போன தடவ தண்டுவடத்துக்கு எவ்வளவு போச்சுன்னு எனக்குத் தெரியணும். அளவு மீறிருச்சுன்னா கழுத்துக்குக் கீழ மொத்தமும் விழுந்துரும். தெரியாம நான் கை வைக்க மாட்டேன்.”

காகிதக் கோப்பு ஐந்து வருடம் முடிந்ததும் கழிக்கப்பட்டுவிட்டது. பாண்டியம்மாளிடம் கொடுத்திருந்த நகல், முன்பு அவர் குடியிருந்த எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் மழை ஒழுகிக் கூழாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஆர்க்கைவ் ஏழாம் எண் டேப் மட்டும்தான்.

நான் உள்ளே போகும்போது பாண்டியம்மாள் கூப்பிட்டார். குரல் அடைத்துக் கரகரவென்று இருந்தது. “ஏய்யா, என் ஏட்ட எடுக்க வந்தவுகளா?”

“ஆமாம்மா.”

“பதறாம எடுங்க. நான் இங்கனதான் ஒக்காந்திருக்கேன்.”

முருகேஸ்வரி நடந்ததைச் சொன்னாள். அலமாரியில் ‘ஆர்க்கைவ் 7’ என்று எழுதியிருந்த பெட்டியைத் திறந்து, அதிலிருந்த டேப்பை ஆட்டோலோடரில் போட்டிருக்கிறாள். அதில் புதன்கிழமைத் தினசரி பேக்கப்தான் இருந்தது, அதுவும் போன வருடத்தது. பதறிப்போய் மற்ற டேப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும்போது, புதன்கிழமை இடத்திலிருந்த டேப் வாயில் பாதி போய்ச் சிக்கிக்கொண்டது.

அன்றைக்குச் சேவியர் சார் சொன்னபடி செய்தேன். நோட்டை எடுத்தேன். திரையில் இருந்த எண்ணை எழுதினேன். மஞ்சள் விளக்கு, கை நான்காவது இடத்துக்கு எதிரே, டேப் முக்கால் பாகம் உள்ளே. மின்சாரத்தை நிறுத்தி, மேல் மூடியைக் கழற்றினேன். வாயைத் திறந்து மூடுகிற பல்சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி, நாடா இழுபடாமல் டேப்பை மயிர் மயிராக வெளியே கொண்டுவந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. சிக்கியதற்குக் காரணம் உடனே தெரிந்தது. முகப்பில் ஸ்டிக்கர் ஓரம் உரிந்து சுருண்டிருந்தது. அதன் அடியில் காய்ந்த சந்தனம் கட்டி தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். கீழே முருகேஸ்வரியின் பேனா எழுத்து தெரிந்தது. ‘ஆர்க் 7.’

“கெடைச்சிருச்சு சார்!” என்று கத்தினாள். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் கதவைத் திறந்துகொண்டு நடைக்கு ஓடினாள். “ஆத்தா, கெடைச்சிருச்சு, ஒங்க ஏடு கெடைச்சிருச்சு” என்று அவள் சொல்வதும், பாண்டியம்மாள் “நல்லாருப்ப தாயி” என்று சொல்வதும் உள்ளே கேட்டன.

 ஆர்க்கைவ் டேப்புக்குப் புதன்கிழமை இடத்தில் என்ன வேலை? ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்புத் தாழ் திறந்திருந்தது; நான் பார்க்காமலே ‘ஆம்’ என்று டிக் போட்ட தாழ். அப்போதுதான் அதைப் பூட்டினேன். பூட்டி, உள்ளே போட்டு, படிக்க மட்டும் சொன்னேன். டிரைவ் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் படித்தது. போன புதன்கிழமையின் தினசரி பேக்கப். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்றது.

பூஜையன்று மேசையில் இரண்டு டேப் இடம் மாறியிருக்கிறது. பொட்டுக்கு அடியில் எழுத்து மறைந்ததால் முருகேஸ்வரிக்குத் தெரியவில்லை. ஸ்டிக்கர் போனதால் இயந்திரத்துக்கும் தெரியவில்லை. இயந்திரம் எனக்குத் தெரியவில்லை என்று நின்றதே, அது ஒன்றுதான் அன்றைக்குச் சரியாக வேலை செய்தது. அதன் வாயை அடைத்து, பார்க்காமல் எழுது என்று சொன்னவன் நான். வாராவாரம் புதன்கிழமை, பாண்டியம்மாளின் ஏட்டின் மேல் அது எழுதியிருக்கிறது. அறைச் சுவரில் தொங்கிய கோப்பில் என் பழைய ரிப்போர்ட் இருந்தது. எடுத்துப் படித்தேன். இயந்திரம் நன்றாக இயங்குகிறது.

நிர்வாகி தன் அறைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். டாக்டர் அம்மாவும் இருந்தார். டேப் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள்.

“டேப்பு கெட்டுப்போச்சு சார்” என்றேன்.

“எப்படிக் கெடும்?”

“பூஜையப்ப பொட்டு வச்சிருக்காக. சந்தனமும் குங்குமமும் படிஞ்சு...”

நிர்வாகி முருகேஸ்வரியைப் பார்த்தார். முருகேஸ்வரி என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. நான் ஏதோ சொல்ல விட்டுவிட்டேன், இப்போது சொல்லிவிடுவேன் என்று காத்திருக்கிற பார்வை. நானும் காத்திருந்தேன். சார்தானே வைக்கச் சொன்னாக என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய்யாகவும் இருக்கலாம்.

“ஆமா சார். நான்தான் வச்சேன்” என்றாள். 

நாளையிலிருந்து வர வேண்டாம், போகும்போது அந்த டேப்பைக் குப்பையில் போட்டுவிட்டுப் போ என்றார் நிர்வாகி. நான் ரிப்போர்ட் எழுதினேன். ‘சந்தனம், குங்குமம் படிந்த நிலையில் டேப் காணப்பட்டது. டேப் பழுது. விவரங்களை மீட்க இயலவில்லை.’ பார்த்ததை எழுதினேன். செய்ததை எழுதவில்லை. வெளியே வரும்போது பாண்டியம்மாள் நாற்காலியிலேயே இருந்தார். டாக்டர் அம்மா அவர் பக்கத்தில் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். நான் மற்றப் பக்கத்துப் படி வழியாக இறங்கிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துச் சேவியர் சார் போன் செய்தார். ரிப்போர்ட்டுகளை மாதம் ஒரு தடவை வரிக்கு வரி படிப்பது அவர் வழக்கம்.

“அந்த ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு. டேப்ப டிரைவ் எடுத்துச்சா?”

“எடுத்துச்சு சார்.”

“படிச்சுச்சா?”

  ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருக்கிற அதே மௌனம் போனில் கேட்டது.

“படிச்சுச்சு சார்.”

“படிச்ச டேப்பு எப்படிய்யா பழுதாகும்?”

சொல்லிவிட்டேன். பொட்டு வைக்கச் சொன்னது, அலமாரியைத் திறக்காமல் டிக் போட்டது, பார்கோடு சரிபார்ப்பை நிறுத்தியது, எல்லாம். அவர் திட்டவில்லை. “தினசரி பேக்கப்பு டேப்புல எவ்வளவு நீளத்துக்கு வரும்?” என்று கேட்டார்.

“கொஞ்சந்தான் சார். கால்வாசிகூட வராது.”

“அப்ப மிச்ச முக்காவாசில பழசு அழியாம கெடக்கும்யா. நம்ம டிரைவு அதுக்கு மேல படிக்காது. படிக்கிற லேப்பு இருக்கு, அனுப்பலாம். அந்தம்மா கணக்கு அந்த மிச்சத்துல இருந்தாலும் இருக்கும். டேப்பு எங்க?”

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. சென்னைப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்ததுதான். மேலே எழுதப்பட்டுவிட்டது என்று எழுதியிருந்தால், மறு நிமிடமே எனக்கும் தோன்றியிருக்கும். பழுது என்று எழுதியதால் அதோடு எல்லாம் முடிந்தது. பழுதான பொருளை யார் பத்திரப்படுத்துவார்கள்?

வண்டியை எடுத்துக்கொண்டு மயிலாடும்பாறைக்குப் போனேன். முருகேஸ்வரி களை எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முழங்கால் வரைக்கும் மண். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. திரும்ப வேலைக்குக் கூப்பிட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

“அந்த டேப்ப என்னம்மா செஞ்ச? குப்பையில போட்டியா?”

“போடத்தான் சொன்னாக. சந்தனம் குங்குமம் வச்சுச் சூடம் காட்டுன பொருளாச்சே சார். குப்பையில போட மனசு வரல. வீரபாண்டிக்குப் போயி ஆத்துல விட்டுட்டு வந்தேன்.”

தேனியிலிருந்து மயிலாடும்பாறை ஒரு பக்கம், வீரபாண்டி நேர் எதிர்ப் பக்கம். வேலை போன அன்றைக்கு, வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, எதிர்த் திசையில் பஸ் ஏறிப் போய் அந்த டேப்பைக் கும்பிட்டு ஆற்றில் விட்டிருக்கிறாள்.

“ஏன் சார், அதுல ஏதும் மிச்சம் இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. ஆபீஸ் கணக்குக்குக் கேட்டேன்” என்றேன்.

வீரபாண்டிக்குப் போனேன். முதல் போகத்துக்கு அணை திறந்திருந்த நேரம். முல்லையாறு கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பேண்ட்டைச் சுருட்டிவிட்டு இறங்கி, படித்துறை ஓரம் காலால் துழாவினேன். மூன்று வாரத்துத் தண்ணீர் ஓடிய பிறகு அங்கே என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. குளித்துக்கொண்டிருந்த ஒருவர், “என்னண்ணே தேடுறீக, மோதிரமா?” என்றார். ஆமாம் என்றேன். பாவம், அவரும் இறங்கித் தேடினார்.

சேவியர் சாருக்குப் போன் செய்து ஆற்றில் போய்விட்டது என்று சொன்னேன். “சரி” என்றார். பிறகு, “ரிப்போர்ட்ட மாத்தி எழுதி அனுப்பு. அந்தப் பிள்ளைக்கு வேலையாச்சும் திரும்பக் கெடைக்கட்டும்” என்றார். அனுப்புகிறேன் என்றேன். அனுப்பவில்லை. அந்த மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விருந்துக்கு நான் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதும் இல்லை.

கார்த்திகையில் கூடலூரில் ஒரு வேலை வந்தது. முடித்துவிட்டுப் பாண்டியம்மாளின் வீட்டை விசாரித்துப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். டாக்டர்கள் கடைசிவரை கதிர் கொடுக்கவில்லை. மாத்திரை மட்டும்தான். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். பேச்சு காற்றாகத்தான் வந்தது. பக்கத்தில் குனிந்தால்தான் புரியும். என்னை அடையாளம் தெரிந்தது.

“ஏட்டுக்காரவுக. வாங்கய்யா.”

உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார். “அந்தப் பிள்ளைய நிப்பாட்டிட்டாகளாமே?”

“ஆமாம்மா.”

“கெடைச்சிருச்சுன்னு அம்புட்டுச் சந்தோசமா ஓடி வந்து சொல்லுச்சு. பொட்டு வச்சது ஒரு குத்தமாய்யா?” மூச்சு வாங்கினார். “எங்கனயாச்சும் பாத்தீகன்னா சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனக்கலன்னு சொல்லுங்க. அது மனசுல வச்சுக்கிட்டுக் கெடக்கும்.”

“சொல்றேன்மா” என்றேன்.

 கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மார்கழி பிறந்து சில நாளில் அவர் இறந்துபோனார்.

பாண்டியம்மாள் சொல்லச் சொன்னதை முருகேஸ்வரியிடம் நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாகத்தான் படிவத்தில் அந்தப் பதினோராவது வரியைச் சேர்க்கச் சொன்னேன். ஓய்வு பெறும் வரைக்கும் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அதற்கு நேரே என் பெயரை முதலில் எழுதினேன். எழுத வேண்டிய அந்த ஒரு ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வரியே இல்லை. இதெல்லாம் தப்பு செய்தவன் தனக்குத்தானே காட்டிக்கொள்கிற சமாதானம். அந்த வரியை இப்போது எடுத்துவிட்டார்கள், நல்லதுதான்.

முருகேஸ்வரி, இது உன் கண்ணில் பட்டால், ஆற்றில் விட்டதை நினைத்து நீ அழ வேண்டாம். குப்பைக்கு அனுப்பியது என் கையெழுத்து. கூடலூர்ப் பாண்டியம்மாள் உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னார். நான் ஒண்ணும் நெனக்கலன்னு சொல்லுங்க என்றார். உன்னை மன்னிக்க அவருக்கு ஒன்றுமே இருக்கவில்லை. மன்னிக்க வேண்டிய ஆள் எதிரே உட்கார்ந்து அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தான். அது தெரிந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.